முதுகுக்குப் போட்ட மாத்திரை, விரையில் வந்த வீக்கம்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 41. ஊர் பென்னாகரம் பக்கம். புளி மண்டியில் மூட்டை தூக்குகிறேன். ஐந்து மாதமாக முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே வலி. ஒரு டாக்டர் ட்ரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். நன்றாகக் கேட்டது. அதே சீட்டைக் காட்டி வாங்கி இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் இரண்டு, இப்போது ஒரு நாளைக்கு ஐந்து. பத்து நாளாக வலது விரை கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி, தொட்டால் வலிக்கிறது. நடந்தால் அடிவயிறு வரை இழுக்கிறது. செல்போனில் தேடினேன். இந்த மாத்திரையால் விரை அழற்சி வரும் என்று ஓர் இடத்தில் இருக்கிறது, வராது என்று இன்னோர் இடத்தில் இருக்கிறது. நிறுத்திப் பார்த்தேன், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து, வயிறும் போனது. இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், அதற்குப் பாதிப்பு வருமா? சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, ராத்திரி வேர்க்கிறது. மழைக்காலத்தில் எங்கள் ஆடு ஒன்றுக்குச் சினை கலைந்து, நான்தான் கையால் இழுத்துப் போட்டேன். அப்போது பிடித்துக்கொண்ட முதுகுதான் இது என்று வீட்டில் சொல்கிறார்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

பெயர் போடவில்லை. நீங்கள் கேட்டதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ட்ரமடால் விரையில் அழற்சியை உண்டாக்குவதில்லை. ட்ரமடால் மட்டுமல்ல, மார்பின், கோடீன், டாபென்டடால் என்று, அபினைப் போல வேலை செய்கிற அந்த ஓபியாய்டு குடும்பத்து வலி மருந்து எதற்கும் விரை அழற்சி நிறுவப்பட்ட பக்கவிளைவு கிடையாது. அதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். மாத்திரை காரணமில்லை என்றால் வேறு ஏதோ ஒன்று காரணம், அது பத்து நாளாக உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. மாத்திரை அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது. நாளைக் காலையிலேயே மருத்துவமனைக்குப் போங்கள். மீதியைப் பேருந்தில் படித்துக்கொள்ளலாம்.

ட்ரமடாலால் வருவது என்னென்ன என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். குமட்டல், தலைசுற்றல், மலச்சிக்கல், வாய் வறட்சி, தூக்கக் கலக்கம், அதிக வியர்வை, சிறுநீர் தடைப்பட்டு வருவது, அளவு கூடினால் வலிப்பு, நாள் போனால் பழக்கம். ஆண்களுக்கு இன்னொன்றும் உண்டு, டாக்டர்களே பல நேரம் சொல்லாமல் விட்டுவிடுவது. ஓபியாய்டு மருந்துகளை மாதக்கணக்கில் எடுத்தால், விரையை வேலை செய்யச் சொல்லி மூளையிலிருந்து வரும் உத்தரவு குறைந்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் இறங்கும், ஆசை குறையும், களைப்பு வரும், விந்தணு எண்ணிக்கையும் குறையலாம். அதாவது இந்த மருந்து விரையைத் தொடுகிறது, ஆனால் தூங்க வைக்கிறது. வீங்க வைப்பதில்லை. தூங்குகிற விரை தொட்டால் வலிக்காது, ஒரு பக்கம் மட்டும் பெருக்காது.

அப்படியானால் செல்போனில் ஏன் அப்படி இருக்கிறது? மருந்து சாப்பிட்ட ஒருவருக்கு என்ன தொந்தரவு வந்தாலும் அதைப் பதிவு செய்ய நாடுகள்தோறும் ஏற்பாடு இருக்கிறது. நம் நாட்டில் 2010இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் அந்த வேலையைச் செய்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே கூப்பிட்டுப் பதியலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே பதிவாவது சந்தேகம், தீர்ப்பு அல்ல. மருந்தும் நோயும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருந்தன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இப்போது யோசித்துப் பாருங்கள். விரை வீங்கித் துடிக்கிறவனுக்கு டாக்டர் என்ன கொடுப்பார்? வலி மாத்திரைதான். அப்போது ட்ரமடாலும் விரை அழற்சியும் ஒரே தாளில் ஏறிவிடும். எது முந்தி, எது பிந்தி என்பது அந்தத் தாளில் தெரியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் காக்கைமேல் வழக்குப் போடுவது போலத்தான் இது. சில இணையப் பக்கங்கள் அந்தப் பதிவுகளை அப்படியே எடுத்துக் கூட்டிக் கழித்துத் தலைப்புப் போட்டுவிடுகின்றன.

ஒரு தொந்தரவு மருந்தால்தான் வந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. 1981இல் நரான்ஹோ என்பவர் தலைமையில் வகுத்த பத்துக் கேள்விகள். மருந்து ஆரம்பித்த பிறகு வந்ததா, நிறுத்தியதும் குறைந்ததா, திரும்பக் கொடுத்ததும் திரும்ப வந்ததா, வேறு காரணம் இருக்க முடியுமா என்று போகும். உங்கள் விஷயத்தில் முதல் கேள்வியைத் தவிர மற்றவை தேறாது. நாலரை மாதம் சும்மா இருந்துவிட்டு மாத்திரை திடீரென்று ஒரு பக்க விரையைப் பிடிக்காது. வேறு காரணமோ, உங்கள் கடிதத்திலேயே இரண்டு மூன்று தெரிகின்றன.

மருந்தால் விரைப் பக்கம் அழற்சியே வராது என்று நினைத்துவிடாதீர்கள், வரும். அமியோடரோன் என்று இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்து ஒன்று உண்டு. விரையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிற சுருள்குழாயில், எபிடிடிமிஸ் என்கிறோமே அதில், அது சேர்ந்துகொண்டு வீக்கம் தரும். அளவைக் குறைத்தால் வற்றிவிடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பையினுள் செலுத்தும் பிசிஜி மருந்தாலும் எப்போதாவது வருவதுண்டு. இவை உங்களுக்குச் சம்பந்தமில்லாதவை.

ட்ரமடாலுக்கு ஒரு சுற்று வழி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பாதி சொன்னவனாவேன். சிலருக்கு இந்த மருந்து சிறுநீர்ப்பையைச் சோம்பேறியாக்கும். சிறுநீர் முழுதாகப் போகாமல் தேங்கும். மலச்சிக்கலும் சேர்ந்தால் முக்கி முக்கி இருக்க வேண்டிவரும். தேங்கிய சிறுநீரில் கிருமி வளர்ந்து, விந்துக் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து சுருள்குழாயிலும் விரையிலும் இறங்கலாம். உங்கள் வயதில் விரை அழற்சிக்கு முக்கியமான காரணமே சிறுநீர்ப் பாதைக் கிருமிதான், பெரும்பாலும் ஈ.கோலை என்கிற குடல் கிருமி. சிறுநீர் எரிகிறதா, அடிக்கடி வருகிறதா, நின்று நின்று வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி இருந்தாலும் வீக்கத்தை உண்டாக்கியது கிருமிதான், மாத்திரை கதவைத் திறந்து வைத்தது, அவ்வளவே.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதியது, என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சினை கலைந்த ஆட்டைக் கையால் இழுத்துப் போட்டீர்கள், பிறகு முதுகுவலி. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இப்போது விரை வீக்கம். முதுகு பிடித்துக்கொண்டது அந்த ஆட்டால்தான் என்று வீட்டில் சொல்வது, அவர்கள் நினைக்கிற விதத்தில் இல்லாவிட்டாலும், சரியாக இருக்கக்கூடும்.

புருசெல்லோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த சிப்பாய்களிடமிருந்து டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887இல் இதன் கிருமியைப் பிரித்தெடுத்தார். பிறகு பார்த்தால் அந்தத் தீவின் ஆடுகளிடம் அது இருந்தது, ஆட்டுப்பால் வழியாக மனிதனுக்கு வந்தது. ஆடு மாடுகளில் இந்தக் கிருமி செய்கிற முக்கியமான சேட்டை, சினையைக் கலைப்பது. கலைந்த குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் வடிகிற நீரிலும் அது கொத்துக் கொத்தாக இருக்கும். வெறும் கையால் தொட்டால் கையில் இருக்கிற சின்ன வெடிப்பு போதும். மூட்டை தூக்குகிற கையில் வெடிப்பு இல்லாமல் இருக்குமா? காய்ச்சாத பாலிலும் வரும். உடலுக்குள் வந்த பிறகு சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் சத்தமில்லாமல் இருந்து, ஏறி இறங்குகிற காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி, முக்கியமாக இடுப்பு முதுகு எலும்புகளில் வலி என்று வெளிப்படும். ஆண்களில் சிலருக்கு விரையில் இறங்கும், பெரும்பாலும் ஒரு பக்கம். முதுகும் விரையும் ஒரே நோயின் இரண்டு இடங்களாக இருக்க முடியும் என்று இந்த நோய் எப்போதும் நினைவூட்டும்.

இதே வேடத்தைப் போடக்கூடிய இன்னொருவர் காசநோய். அதுவும் முதுகெலும்பைப் பிடிக்கும், சுருள்குழாயைப் பிடிக்கும், சாயங்காலம் காய்ச்சல் தரும், ராத்திரி வேர்க்க வைக்கும். இருமல் இல்லாமலேகூட வரலாம். எடை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேட்டி கட்டும்போதே தெரிந்திருக்கும்.

வியர்வை ட்ரமடாலாலும் வரும், மாத்திரையின் வேகம் இறங்கும்போதும் வரும். அதனால் வியர்வையை வைத்து மட்டும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். காய்ச்சல் அப்படியில்லை. நீங்கள் போடுகிற ஐந்து மாத்திரையில், வழக்கமான 325 மில்லிகிராம் கணக்குப்படி, நாளைக்கு 1,625 மில்லிகிராம் பாராசிட்டமால் போகிறது. பாராசிட்டமால் காய்ச்சலை இறக்குகிற மருந்து. அதையும் மீறிக் காய்ச்சல் தெரிகிறது என்றால் "லேசாக" என்று நீங்கள் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்வது என் வேலையல்ல. சாதாரணச் சிறுநீர்க் கிருமியாகவே இருந்துவிடலாம், முதுகுவலி மூட்டையால் வந்த தனிக் கதையாக இருக்கலாம். நம் தருமபுரி மாவட்டத்தில் முதுகுவலிக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஆழ்துளைத் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிற தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகலாம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லில் பழுப்புப் பட்டை இருக்கிறவர்கள் வலி மாத்திரையை மிட்டாய் போலச் சாப்பிடுவதை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். ஆனால் ஃபுளோரைடு காய்ச்சல் தராது, விரையை வீங்க வைக்காது. உங்களுக்கு அது கதையின் ஓரத்தில் இருக்கலாம், நடுவில் இல்லை.

பென்னாகரம் அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். அங்கே தேவைப்பட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் கிருமி வளர்ப்புச் சோதனையும் செய்வார்கள். விரைக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, சீழ் கட்டியிருக்கிறதா, கட்டி ஏதாவது இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். சினை கலைந்த ஆட்டை நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் புருசெல்லாவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதத் தோன்றும். வருகிறவர்கள் எல்லாரும் ஆட்டைப் பற்றிச் சொல்வதில்லை, நாங்களும் எல்லாரிடமும் கேட்பதில்லை, அதுதான் இந்த நோய் தப்பித்துக்கொள்கிற வழி. பாலுறவு மூலம் வருகிற கிருமியைப் பற்றியும் டாக்டர் கேட்பார். கோபப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், மருந்தே மாறும். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் செய்கிற நம்பிக்கை மையம் இருக்கிறது, அங்கே சொல்வது வெளியே போகாது.

ட்ரமடால் எடுப்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும், வெட்கப்பட்டு மறைத்தால் ஆபத்து. சிறுநீர்க் கிருமியால் வருகிற விரை அழற்சிக்கு லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்கைப் பத்து நாள் கொடுப்பது வழக்கம். அந்த வகை மருந்தும் ட்ரமடாலும் இரண்டுமே வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்துகிறவை. சேர்த்துப் போட்டால் சிலருக்கு வலிப்பு வந்துவிடும். தெரிந்தால் டாக்டர் ஒன்றை மாற்றிவிடுவார். புருசெல்லோசிஸ் என்று வந்தால் டாக்ஸிசைக்ளினும் கூட இன்னொரு மருந்தும் ஆறு வாரம் போட வேண்டியிருக்கும். அந்த இன்னொன்று பெரும்பாலும் ரிஃபாம்பிசின். காசநோய் என்றாலும் அதே ரிஃபாம்பிசின் உண்டு. அது ட்ரமடாலை உடலிலிருந்து வேகமாக விரட்டும். திடீரென்று வலி கூடிவிட்டது போலவும் உடம்பு பதறுவது போலவும் இருக்கும். "மாத்திரை கேட்கவில்லை" என்று ஆறாவது, ஏழாவது மாத்திரைக்குப் போய்விடாதீர்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

வலியை மறைப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா. பல வருடத்துக்கு முன்பு காரிமங்கலம் பக்கத்திலிருந்து பதினைந்து வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள். ராத்திரி திடீரென்று விரையில் வலி, அப்பாவிடம் சொல்லக் கூச்சம், அடிவயிற்று வலி என்று சொல்லியிருக்கிறான். பாட்டிக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். வலி குறைந்து பள்ளிக்கூடமும் போயிருக்கிறான். என்னிடம் வந்தது மறுநாள். விரை, தன்னைத் தாங்குகிற விந்துக்கொடியிலேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று கறுத்திருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அந்தப் பையனுக்கு எடுத்துவிட வேண்டியதாயிற்று. உங்கள் வீக்கம் பத்து நாளாக மெல்ல வந்தது, அதனால் முறுக்கல் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இன்றிரவே வலி திடீரென்று பிய்த்தெடுத்து, வாந்தி வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்கள் வீட்டில் பையன்கள் இருந்தால் அந்த ஆறு மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நிறுத்தியதும் வேர்த்து வயிறு போனது என்றீர்களே, அது உடம்பு பழகிவிட்டதன் அடையாளம். உங்கள் குணக்கேடு அல்ல, ஐந்து மாதம் போட்டால் யாருக்கும் இப்படித்தான். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். எத்தனை போடுகிறீர்கள் என்று சரியான கணக்கைச் சொன்னால் டாக்டர் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார், வலிக்கு வேறு மருந்தும் தருவார். அதுவரை சாராயம், பிராந்தி எதுவும் கூடாது. இந்த மருந்தோடு குடி சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சே நின்றுவிடலாம், பாராசிட்டமாலோடு சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு. பழைய சீட்டை இனிக் காட்டாதீர்கள். ட்ரமடாலை 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். விற்கிற கடை நோயாளியின் பெயரையும் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஐந்து நாள் சீட்டுக்கு ஐந்து மாதம் மாத்திரை கொடுத்த கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்ததாக நினைத்திருப்பார். ஐந்து நாள் முடிந்தும் வலி தீராதபோது நீங்கள் டாக்டரிடம் போயிருந்தால், காய்ச்சல் உண்டா என்று யாராவது அன்றைக்கே கேட்டிருப்பார்கள்.

குழந்தை விஷயம். ஒரு பக்க விரை அழற்சி, சரியாக மருந்து எடுத்தால், குழந்தைப் பேற்றைத் தடுப்பது அரிது, மற்ற விரை போதும். சரியாக மருந்து எடுக்காமல் மறுபக்கமும் போனால்தான் கவலை. ட்ரமடாலால் குறைந்திருக்கக்கூடிய டெஸ்டோஸ்டிரோன், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மேலே வந்துவிடும். எல்லாம் ஆறி மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்தால் போதும், ஒரு விந்தணு உருவாகி வெளிவரவே ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். இப்போது அவசரப்பட்டு எடுத்தால் மோசமான எண் வந்து வீணாகப் பயப்படுவீர்கள்.

வீக்கம் ஆறும்வரை மூட்டை தூக்க வேண்டாம். லங்கோடு போல இறுக்கமான உள்ளாடை போட்டு விரையைத் தாங்கிக் கொடுங்கள். துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வைக்கலாம், வலி குறையும். ஒத்தடம் கொடுக்கிறேன் என்று யாராவது சூடு வைக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வீட்டில் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கிறீர்களா? முதல் குழந்தைக்குப் பச்சை ஆட்டுப்பால் கொடுக்கிற வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். உங்கள் மனைவிக்கோ குழந்தைக்கோ விட்டு விட்டுக் காய்ச்சல் இருந்தால் நாளைக்கு அவர்களையும் கூட்டிப் போங்கள். அந்த ஆடு இன்னும் பட்டியில் இருக்கிறதா, வேறு ஆட்டுக்கும் சினை கலைந்ததா என்று எழுதவில்லை. கால்நடை மருந்தகத்தில் சொன்னால் வந்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இனி எந்த ஆட்டுக்குக் குட்டி இழுப்பதானாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நஞ்சுக்கொடியை நாய்க்குப் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.